சியோலில் கற்ற ஒரு சொல்

சியோலுக்குப் படிக்க வந்து மூன்றாவது மாதம். கொரிய எழுத்தை வாசிக்கப் பழகியிருந்தேன், பொருள் பாதிதான் புரியும். 2023 மே 31 காலை 6:41-க்குக் கைப்பேசி அலறியது. திரையில் ‘தேபி’ என்ற சொல். அகராதியில் தேடினால், பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுவது. எதற்கு, எங்கே என்று செய்தியில் இல்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றபடி அம்மாவை அழைத்தேன்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கிற எங்கள் ஊர் சின்னத்துறையில் அப்போது மணி 3:11. முதல் மணியிலேயே எடுத்தாள். ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் இரவு அழைப்பை யாரும் இரண்டாவது மணி அடிக்க விடுவதில்லை.

“என்ன மக்களே?”

என்னவென்று எனக்கே தெரியாதே. 7:03-க்கு, அது தவறாக வந்த எச்சரிக்கை என்று இன்னொரு செய்தி. வடகொரியா தன் புதிய ராக்கெட்டான சொல்லிமா-1-இல் உளவு செயற்கைக்கோள் ஒன்றை ஏவியிருக்கிறது, அது கொரியாவுக்கு மேற்கே உள்ள கடலில் விழுந்துவிட்டது.

ஆறு நாள் முன்புதான், தென்கொரியாவின் நூரி ராக்கெட் 8 செயற்கைக்கோள்களோடு கோஹுங்கிலிருந்து கிளம்பியதைப் பார்த்து ஆய்வகமே கைதட்டியது. அதில் பெரியது ரேடார் செயற்கைக்கோள். இருட்டோ மேகமோ அதை மறைக்காது. நான் ஒக்கி வந்த 2017 நவம்பர் 30-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியும் வயர்லெஸும் எட்டாத ஆழ்கடலில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். புயல் வருகிற சேதி போய்ச் சேரவே இல்லை. அப்பா வந்துவிட்டார். எங்கள் ஊரில் பலர் வரவில்லை. அப்புறம்தான் இஸ்ரோவின் நாவிக் கருவி படகுகளுக்கு வந்தது. எச்சரிக்கை செயற்கைக்கோள் வழியாக நேரே நடுக்கடலுக்கு வரும்.

வடக்கு, தெற்கு இரண்டு ராக்கெட்டுக்கும் வித்தை ஒன்றுதான், ஏவுகணைக்கும் அதே வித்தைதான். நம் கதையும் அதுதானே: 1980-இல் ரோகிணி செயற்கைக்கோளைக் கொண்டுபோன எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் கட்டம்தான் 1989-இல் சோதித்த அக்னி ஏவுகணைக்கும் அடித்தளம். நூரிக்கு மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனைக் கிளம்பும் முன் நிரப்ப வேண்டும், அதை ஆயுதமாக நிறுத்திவைத்துக் காத்திருப்பது கடினம். திட எரிபொருளுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் ரேடார் கண்ணுக்கு நடுக்கடலில் தத்தளிக்கிற படகும் தெரியும், இருட்டில் நிறுத்திவைத்த பீரங்கியும் தெரியும். எனக்கு அந்தக் கண் வேண்டும், இப்போதும் சொல்கிறேன். எங்கள் கடலுக்கு அது வேண்டும்.

மாலையில் பக்கத்து அறை அக்கா என்னை அழைத்துப் போய் மெட்ரோ நிலையத்தின் பலகையைக் காட்டினார். ‘தேபிசோ’, தஞ்சமிடம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதால் அப்பாவின் படகு தேங்காய்பட்டணம் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று பதில் வந்தது.