துருவுக்குக் கடுக்காய்

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி ஒன்று, கொல்லுப்பட்டறையில் வாங்கியது, எங்கள் சமையலறையில் புழங்குகிறது. சாணை பிடித்துவிட்டால் எவர்சில்வர் கத்தி அதன் பக்கத்தில் நிற்காது. தொல்லை துருதான். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அதுவே மேலே கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் போட்டுக்கொள்ளும். பட்டை இரும்பில் அந்த அளவுக்குக் குரோமியம் கிடையாது. வீடு வேறு கடலோரம். ஈரத்தோடு கவிழ்த்துவைத்த கத்தி காலையில் செம்புள்ளி போட்டிருக்கும். என்ன பூசலாம் என்று கொஞ்ச நாளாகச் செய்து பார்த்து வருகிறேன்.

முதலில் எண்ணெய்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசுக்காகாது, ஆனால் ஒரு தரம் சோப்பு போட்டால் போச்சு. நல்லெண்ணெய் சரிப்படவில்லை: அரைகுறையாகக் காய்ந்து பசையாகித் தூசியைப் பிடிக்கிறது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகும் வகை. பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்தெடுத்துவிட்டுப் பொறுமையாகக் காயவிட்டால் நல்ல படலம் கிடைக்கிறது. பெயிண்ட் வேலைக்கு விற்பதை மட்டும் வாங்காதீர்கள். சீக்கிரம் காய்வதற்குக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைக் கலப்பதுண்டு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட வேண்டும்.

தோசைக்கல் மாதிரி அடுப்பில் வைத்துப் பழக்கலாமே என்று நண்பர் கேட்டார். கத்திக்கு அது ஆகாது. பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய இரும்பைத் திரும்ப 200 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கித்தான் பதம் இறக்குகிறார்கள். எண்ணெய் கல்லில் பிடிக்க அதற்கு மேல் சூடு வேண்டும். அதில் கத்தியின் கடினம் இன்னும் இறங்கிவிடும், கூர் நிற்காது.

உருப்படியாக அமைந்தது கடுக்காய்தான். வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்போம். துவர்ப்பிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கலம்காரியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான்: துணியில் கடுக்காய், கோட்டில் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த நீர்.

பழைய துருவை வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். முதலில் 400 நம்பர், அப்புறம் அதைவிட நைசான 800. வழவழப்பு கூடக் கூடத் தண்ணீர் தங்க இடம் குறையும். சோப்பு போட்டு எண்ணெய்ப் பசையை எடுத்தபின் அலகை விரலால் தொடக்கூடாது, ரேகை அப்படியே விழும். வெதுவெதுப்பான வினிகரில் முக்கினால் சாம்பல் நிறம் வரும். கழுவிவிட்டு, நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயத்தில் இறக்கினால் நீலமும் கறுப்புமாக ஏறுகிறது. ஒரே மூச்சில் ஊறவிட்டால் கரி மாதிரி கையோடு வருகிறது. கொஞ்ச நேரம் வைத்து, கழுவி, துடைத்து, மறுபடி இறக்கினால் ஒட்டி நிற்கிறது. துருவை இது அடியோடு நிறுத்திவிடாது, வேகத்தைக் குறைக்கும். எலுமிச்சை நறுக்கினால் சாறு பட்ட இடம் வெளுத்துவிடும்.

அதற்கு மேல் ஒரு பங்கு தேன்மெழுகும் நான்கு பங்கு லிக்விட் பாரஃபினும் உருக்கிய கலவை. பாரஃபின் மெடிக்கல் ஷாப்பில் மலச்சிக்கல் மருந்தாகக் கிடைக்கும். வாசனை, பெப்பர்மின்ட் சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். இது காறிப்போவதில்லை, சமையல் எண்ணெய்களிடம் எனக்கிருந்த பெரிய குறை அதுதான்.

இப்போது அலகின் பக்கங்கள் கருநீலமாக நிற்கின்றன, மழைக்காலத்திலும் செம்புள்ளி இல்லை. விளிம்பில் மட்டும் எதுவும் தங்குவதில்லை. ஒவ்வொரு சாணைக்கும் புது இரும்பு வெளியே வருகிறதே! நறுக்கி முடித்த கையோடு துடைப்பதுதான் அங்கே பூச்சு. இன்னும் துரு எட்டிப் பார்க்கும் இடம் கைப்பிடிக்குள் அலகு நுழையும் சந்து. தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே வர வழியில்லை. அடுத்து அதில் அரக்கை உருக்கி ஊற்றி அடைத்துப் பார்க்கப் போகிறேன்.