நான்கு லீற்றருக்கான வரிசையும் 69 இலட்சம் வாக்குகளும்

பெற்றோல் பௌசர் வருகுதாம் என்ற பேச்சில் இருந்துதான் எல்லாம் தொடங்கும். எங்கள் மாடிக் குடியிருப்பின் வட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதுவார்கள், இன்றிரவு காலி வீதிப் பெற்றோல் செட்டுக்கு வரும் என்று. அது உண்மையா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் இடம் போய்விடும். திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். 2022 மே, ஜூன் மாதங்களில் கொழும்பில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

நான் வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். ஊர் யாழ்ப்பாணம். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை. ஸ்கூட்டி இல்லாமல் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வழியில்லை, ஏனென்றால் ஆட்டோக்காரர்களும் எங்களோடு அதே வரிசையில்தான் நின்றார்கள். அந்த வரிசைகளைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். பெரும்பாலானவை, எல்லா இனத்தவரும் ஒன்றாகி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவை வீட்டுக்கு அனுப்பினோம் என்று முடிகின்றன. ஒன்றாக நின்றது உண்மைதான், நானும் நின்றவள். ஆனால் எல்லோரும் ஒரே கணக்கைத் தீர்க்க நிற்கவில்லை. அதை நின்றவர்களில் ஒருத்தி எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வரிசை எப்படி நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். இரவே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். கார்களுக்கு ஒரு வரிசை, ஆட்டோக்களுக்கு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டிக்கும் இன்னொன்று. எங்கள் வரிசைக்கு ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த குறிப்புப் புத்தகம், இருந்தது. வாகன இலக்கம், பெயர், தொலைபேசி இலக்கம். அதைச் செட்காரர் எழுதவில்லை, வரிசையில் நின்றவர்களே எழுதினார்கள். காலையிலும் மாலையிலும் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் வெட்டு. வேலைக்குப் போகிறவர்கள் மாறி மாறி ஒருவருக்காக மற்றவர் நின்றோம். கானுக்கு எரிபொருள் அடிக்கக் கூடாது என்று மார்ச் மாதமே உத்தரவு வந்துவிட்டது. கானோடு வருகிறவரைப் பார்த்தால் கறுப்புச் சந்தைக்காரர் என்று வரிசையே கத்தும். ஜெனரேற்றருக்கு டீசல் தேடி வந்த ஒரு சின்னப் பேக்கரிக்காரரைக் கண்ணீரோடு திருப்பி அனுப்பியதையும் பார்த்தேன்.

பெண்களுக்கு அது வேறு ஒரு சோதனை. தண்ணீர் குடிக்கப் பயம், கழிப்பறைக்கு எங்கே போவது? பக்கத்துச் சந்தில் தையல்கடை வைத்திருந்த அக்கா தன் வீட்டுக் கழிப்பறையை எங்களுக்குத் திறந்துவிட்டா. மின்வெட்டு நேரத்தில் மோட்டர் போட முடியாமல் அவவுக்கே தண்ணீர் இல்லை, அப்படி இருந்தும் வாளியில் பிடித்துவைத்தா. வீதி விளக்கும் அணைந்த இரவுகளில் பெண்களின் வண்டிகளை வரிசையின் நடுவில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுங்கோ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்கள் முன்பின் தெரியாத ஆண்கள். அரசாங்கம் என்று ஒன்று இல்லாத இடத்தில் மக்கள் தாங்களாகவே ஒழுங்கு அமைத்துக்கொண்டார்கள். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

எனக்குப் பக்கத்து வரிசையில் ஒரு சிங்கள ஆட்டோக்காரர். அறுபது வயது இருக்கும். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் துவ, மகள், என்றார். அவர்தான் கோட்டாபய ராஜபக்சவுக்கு வாக்களித்ததை மறைக்காமல் சொன்ன முதல் ஆள். 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த பிறகு, நாட்டைக் காப்பாற்ற ஒரு கண்டிப்பான ஆள் வேண்டும் என்று நினைத்தாராம். அந்த நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு வாக்களித்தவர்கள் 69 இலட்சத்துக்கும் மேல். வாக்குகளில் 52.25 சதவீதம். அடுத்த ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சியான பொதுஜன பெரமுனவுக்கு 145 ஆசனங்களும் கிடைத்தன.

மாமா பொருளாதாரம் படித்தவர் இல்லை, ஆனால் விஷயம் அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. பதவிக்கு வந்தவுடன் வற் வரியை 15 இல் இருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், அரசாங்கத்தின் கையில் காசு இல்லாமல் போனது. கொரோனாவில் உல்லாசப் பயணிகள் நின்றார்கள். 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். அநுராதபுரத்தில் அவருடைய தம்பியின் வயல் பாதிகூட விளையவில்லை. டொலரை 200 ரூபாவில் இழுத்துப் பிடித்து வைத்திருந்து, 2022 மார்ச்சில் விட்டார்கள், மே மாதத்தில் அது 360 ஐத் தொட்டது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஒரு லீற்றர், 2022 ஜூன் 26 இல் 470 ரூபா. மறுநாளே, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு இராணுவம் ரோக்கன் கொடுக்க வந்தது, எங்கள் கொப்பிக்கு மதிப்பில்லாமல் போனது, கைகலப்பும் வந்தது.

ஒரு நாள் மாலை வரிசையில் ஒருவர் என்னைப் பார்த்து, நல்ல மனதோடுதான், “உங்கட ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே” என்றார். பழக்கம்தான். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றறி, சீமெந்து எதுவும் வராது. நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில்தான் நான் எழுதப் பழகினேன். இதை அவருக்குச் சொன்னேன். அப்போது கொழும்பில் யாருக்காவது இது தெரியுமா என்றும் கேட்டேன். தெரியாது என்றார். பத்திரிகையில் வரவில்லை என்றார். மாமா பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் என்னிடம், “உனக்கு இந்த ஆள் மேல் கோபம் இல்லையா, நீ கத்தாமல் நிற்கிறாயே” என்று கேட்டார். என் சித்தப்பா 2009 மே மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை என்று சொன்னேன். போர் நடந்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபய. 2020 ஜனவரியில், ஜனாதிபதியாக, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். எப்படி, எங்கே, யாரால் என்று சொல்லவில்லை. 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் குந்தியிருந்த தாய்மாருக்கு அந்த ஒரு வசனம்தான் பதில். யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் 2019 இல் அவருக்கு எதிரான பிரதான வேட்பாளருக்கு வாக்களித்தார்கள். பெற்றோல் தட்டுப்படும் என்று தெரிந்து போட்ட வாக்குகள் இல்லை அவை. வரிசையில் நின்றபோதே என் கோபத்துக்குப் பதின்மூன்று வயது.

ஏப்ரல் 19 இல் றம்புக்கனையில் எரிபொருள் விலைக்கு எதிராகக் கூடியவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். நாடே கொதித்தது, கொதித்திருக்கத்தான் வேண்டும். ஜூன் 18 இல் முல்லைத்தீவு விசுவமடுவில் பெற்றோல் செட் ஒன்றில் இராணுவம் சுட்டதில் ஆட்கள் காயப்பட்டார்கள். எங்கள் வரிசையில் அதைக் கேள்விப்பட்டிருந்தவள் நான் மட்டும்தான். மாமாவுக்குத் தொலைபேசியில் எடுத்துக் காட்டினேன். மற்றவர்களுக்கும் அவரே போய்ச் சொன்னார்.

காலிமுகத்திடலுக்கு வேலை முடிந்து பல மாலைகளில் நடந்து போனேன். ஏப்ரல் 9 இல் அங்கே தொடங்கிய கோட்டா கோ கம என்ற போராட்டக் கூடார நகரம் எனக்குப் பிடித்திருந்தது. தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். மே 9 இல் ஆளும் கட்சி ஆதரவாளர்கள் வந்து கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள், அன்றே கோட்டாபயவின் அண்ணன் மஹிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார். ஆனால் எனக்கு மறக்க முடியாத நாள் மே 18. போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியை நினைவுகூர்ந்து, அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். சிங்களப் பிள்ளைகள் வாங்கிக் குடித்தார்கள், ஏன் கஞ்சி என்று கேட்டார்கள். அலுக்காமல் சொன்னோம். கொழும்பின் நடுவில், கடற்கரையில், பொலிஸுக்குப் பயப்படாமல் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

ஜூலை 9 அன்று பஸ் இல்லாமல், பெற்றோல் இல்லாமல், ரயிலிலும் லொறியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் போனார்கள். 13 ஆம் திகதி கோட்டாபய மாலைதீவுக்குப் போனார், மறுநாள் சிங்கப்பூரில் இருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார். செட் வாசலில் பட்டாசு கொளுத்தினோம், பிறகு திரும்பி வந்து அதே வரிசையில் நின்றோம்.

வரிசையை முடித்துவைத்தது கியூ.ஆர். முறை. ஜூலை நடுவில் தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரத்துக்கு இணையத்தில் பதியச் சொன்னார்கள். ஓர் அடையாள அட்டை இலக்கத்துக்கு ஒரு வாகனம். வாகன இலக்கமும் செஸி இலக்கமும் கொடுத்தால் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் வரும், அதைப் போட்டவுடன் கியூ.ஆர். வந்துவிடும். தளம் பகலில் திறக்காது. விடியப்புறம் முயன்றவர்களுக்குக் கிடைத்தது. பதிவுப் புத்தகத்தில் செஸி இலக்கம் மங்கியிருந்தவர்கள் ரோச் அடித்து வண்டியின் இரும்பில் தேடினார்கள். ஸ்மார்ட் போன் இல்லாத மாமாவுக்கு நான்தான் பதிந்து, கடையில் அச்சடித்து, லமினேற் பண்ணிக் கொடுத்தேன். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓகஸ்ட் மாதம் வரிசைகள் குறைந்தன. 5 லீற்றரில் ஓர் ஆட்டோக்காரர் எப்படிப் பிழைப்பார் என்று கேட்பதற்குள், வரிசை இல்லையே என்ற நிம்மதியில் நாடு அமைதியாகிவிட்டது.

அந்த அமைதிக்குள் நிறைய நடந்தது. ஜூலை 20 இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்ரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது. அவற்றில் பெரும்பகுதி, நாங்கள் வீட்டுக்குப் போகச் சொன்ன அதே பெரமுனவின் வாக்குகள். இரண்டு நாட்களில் காலிமுகத்திடலுக்குள் விடியுமுன் படையினர் புகுந்து அடித்தார்கள். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். தலைவர் போனால் ஆட்சி போய்விடாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் வாக்குச்சீட்டு வந்தது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்தவின் மகன் நாமல் ராஜபக்சவுக்குக் கிடைத்தது 2.57 சதவீதம். நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் 145 ஆசனக் கட்சிக்கு மூன்று ஆசனங்கள். ஆட்சியைப் பிடித்த தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்திலும் வென்றது. என் அம்மா உட்பட, வாழ்நாளில் ஒரு தெற்குக் கட்சிக்கும் புள்ளடி போடாதவர்கள் போட்டார்கள்.

மாமாவும் நானும் இன்னமும் தொலைபேசியில் கதைக்கிறோம். 2023 நவம்பர் 14 இல் அவர் சந்தோஷத்தோடு எடுத்தார். பொருளாதாரத்தைச் சீரழித்து மக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் என்று ராஜபக்ச சகோதரர்களான கோட்டாபய, மஹிந்த, பசில் உள்ளிட்டவர்களை உயர்நீதிமன்றம் அன்று பெயர் சொல்லித் தீர்ப்பளித்திருந்தது. மனுதாரர்களுக்குச் செலவுத் தொகை 150,000 ரூபா. “இது போதாது, ஆனால் எழுத்தில் வந்துவிட்டது மகள்” என்றார். எனக்கும் சந்தோஷம்தான், அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்குமான தீர்ப்பு அது.

காணாமலாக்கப்பட்டவர்களுக்கு அப்படி எழுத்தில் ஒன்றும் வரவில்லை மாமா என்றேன். 2024 இல் ஆட்சி மாறிய பிறகும் கிளிநொச்சியில் அந்தத் தாய்மார் இருக்கிறார்கள், படங்களைப் பிடித்தபடி ஒவ்வொருவராக இறந்துகொண்டும் இருக்கிறார்கள். ஓகஸ்ட் 30, காணாமலாக்கப்பட்டோருக்கான சர்வதேச நாள். அன்று எங்களோடு வந்து நிற்பீர்களா என்று கேட்டேன். பஸ் எத்தனை மணிக்கு, தமிழ் தெரியாதே, யாராவது பேசச் சொன்னால் என்ன சொல்வது என்று கேட்டார். பெற்றோல் வரிசையில் எனக்குச் சொன்னதையே சிங்களத்தில் சொல்லுங்கள், 2019 இல் யாருக்கு ஏன் வாக்களித்தேன், பிறகு என்ன தெரிந்துகொண்டேன் என்று, நான் தமிழில் சொல்கிறேன் என்றேன்.