நான்கு மாதப் பாப்பாவோடு டாலஸிலிருந்து சென்னைக்கு

என் பிரசவத்துக்காக அம்மா ஆகஸ்ட் முதல் வாரம் டாலஸுக்கு வந்தார். இறங்கியபோது அவருக்குக் கொடுத்த தங்கும் அனுமதி ஆறு மாதம். பிப்ரவரி தொடக்கத்துக்குள் அவர் கிளம்பியாக வேண்டும். பாப்பா செப்டம்பர் இரண்டாம் வாரம் பிறந்தாள். அம்மா போகும்போதே நானும் பாப்பாவும் கூடப் போய்விடுவது, லீவு கிடைக்காத கணவர் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்துகொள்வது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே பேசி முடித்தோம். கைக்குழந்தையோடு தனியாக இருபது மணி நேரம் போவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா பக்கத்தில் இருந்தால் முடியும் என்று தோன்றியது. "பேத்தியோட முதல் பொங்கல் தஞ்சாவூர்ல நடக்கட்டும்" என்று அம்மா சொல்ல, அப்பா போனிலேயே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஆக, ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் கிளம்ப வேண்டும். கையில் இருந்தது நான்கு மாதம். அது தாராளம் என்றுதான் நினைத்தேன். ஒரு காகிதம் வந்தால்தான் அடுத்த காகிதத்துக்கு எழுதிப் போட முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லை. நடுவில் ஒன்று தாமதமானால் பின்னால் இருக்கும் எல்லாமே தள்ளிப்போகும்.

பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை ஆஸ்பத்திரியிலேயே நிரப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வந்துவிடாது, பதிவு அலுவலகத்தில் பணம் கட்டி வாங்க வேண்டும். அப்பா, அம்மா இருவர் பெயரும் இருக்கும் முழு வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சுருக்க வடிவம் ஒன்றும் உண்டு, அதைப் பாஸ்போர்ட்டுக்குக் கொண்டுபோனால் சிக்கல். நாங்கள் மூன்று பிரதி வாங்கினோம். ஒன்றைப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அசலாகவே அனுப்ப வேண்டியிருந்தது, அது வேறொரு உறையில் தனியாகத் திரும்பி வந்தது. நடுவில் காப்பீட்டு வேலைக்கு ஒரு பிரதி தேவைப்பட்டபோது மற்ற இரண்டும்தான் கைகொடுத்தன.

பாஸ்போர்ட்டுக்கு அக்டோபர் நடுவில் போஸ்ட் ஆபீஸில் நேரம் கிடைத்தது. பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் இருவரும் குழந்தையோடு நேரில் போக வேண்டும். டிஎஸ்-11 படிவத்தை வீட்டில் நிரப்பலாம், கையெழுத்து மட்டும் அதிகாரி முன்னால்தான். பணம் இரண்டு இடத்துக்குப் போகிறது: விண்ணப்பக் கட்டணம் 100 டாலர் வெளியுறவுத் துறைக்கு, 35 டாலர் போஸ்ட் ஆபீஸுக்கு. சீக்கிரம் வேண்டும் என்று மேலே 60 டாலரும் கட்டினோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது.

நவம்பர் முதல் வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. போட்டோ ஏற்கப்படவில்லை, புதிதாக எடுத்து அனுப்பவும் என்று இருந்தது. ஒரு கடையில் எடுத்த போட்டோ அது. பாப்பாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்திருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாத எட்டாவது வாரம், சின்ன விஷயம்கூட மலையாகத் தெரிந்த நேரம். அம்மாதான், "கடையெல்லாம் வேண்டாம், நம்மளே எடுப்போம்" என்றார். வெள்ளைப் படுக்கை விரிப்பை ஜன்னல் பக்கம் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, பாப்பாவைப் பால் குடித்து முடித்த கையோடு அதில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். கணவர் நேர் மேலிருந்து எடுத்தார். காலை பத்து மணி வெளிச்சம், ஃபிளாஷ் இல்லை. என் கையோ அம்மாவின் வளையலோ படத்துக்குள் வந்துவிடக்கூடாது என்பதால் நாங்கள் இரண்டு பேரும் தள்ளி நின்று நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டோம். கைக்குழந்தைக்குக் கண் முழுக்கத் திறந்திருக்க வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது, நிழல் மட்டும் கூடாது. நாற்பது படத்தில் இரண்டு தேறியது. அதில் ஒன்றை அனுப்பினோம். நவம்பர் கடைசியில் பாஸ்போர்ட் வந்தது. ஐந்து வருடம் செல்லுபடியாகும்.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லாததால் அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள பாப்பாவுக்கு விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையோ வேண்டும். நிரந்தரத்துக்கு ஓசிஐதான் நல்லது. ஆனால் அது வரப் பல வாரம் ஆகும், எங்களுக்கு இருந்தது ஆறே வாரம். கணவருக்கு ஓசிஐயை இப்போதே ஆரம்பித்துவிட வேண்டும் என்று ஆசை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை போட்டோவில் பட்ட பாடு போதும் என்று இ-விசாவுக்கே விண்ணப்பித்தோம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், போட்டோ இரண்டையும் ஏற்றிப் பணம் கட்டினால் போதும். மூன்றாம் நாள் மின்னஞ்சலில் அனுமதி வந்தது. எண் ஒன்று மாறினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று பயந்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையும் எண்ணையும் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இரண்டு பேரும் மாறி மாறிப் படித்துச் சரிபார்த்தோம். விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அதே படுக்கை விரிப்புப் போட்டோதான்.

டிக்கெட்டைப் பாஸ்போர்ட் வரும் முன்பே, நவம்பரிலேயே எடுத்தோம். இரண்டு வயதுக்குக் கீழ் மடியில் உட்காரும் குழந்தைக்கு வெளிநாட்டு விமானத்திலும் டிக்கெட் உண்டு. பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம், வரி தனி. பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் பதிவு செய்துவிடலாம், பாஸ்போர்ட் எண்ணைப் பிறகு சேர்க்கலாம்.

எங்கள் சிக்கல் வேறு மாதிரி. அம்மாவின் திரும்பும் டிக்கெட் சென்னையில் ஒரு ஏஜென்ட் வழியாக எடுத்தது, ஜனவரி கடைசித் தேதி. அதை மாற்ற அந்த ஏஜென்டால்தான் முடியும். நான் என் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் அம்மாவுடையதை மாற்றலாம் என்று இருந்தேன். கணவர் தடுத்தார். நல்லவேளை. நான் பார்த்து வைத்திருந்த நாளில் அம்மாவின் கட்டண வகையில் இடமே இல்லை. அடுத்த நாளில் இருந்தது. முதலில் அம்மாவின் தேதியை மாற்றி, கையில் புது டிக்கெட் வந்த பிறகு அதே விமானத்தில் எனக்கும் பாப்பாவுக்கும் எடுத்தோம். வேறு வேறு டிக்கெட்டில் போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

விலை குறைந்த வழி ஒன்றும் இருந்தது. இரண்டு இடத்தில் மாறி 27 மணி நேரம். நாங்கள் முந்நூறு டாலர் கூடக் கொடுத்து வளைகுடாவில் ஒரே இடத்தில் மாறும் வழியை எடுத்தோம். டாலஸிலிருந்து சுமார் பதினைந்து மணி நேரம், மூன்று மணி நேர இடைவேளை, பிறகு நான்கு மணி நேரத்தில் சென்னை. பணம் முக்கியம்தான். ஆனால் தூங்கும் குழந்தையை எழுப்பி இறக்கி ஏற்றுவது ஒரு தடவை குறைந்தால் அந்த முந்நூறு டாலருக்கு ஈடாகும் என்பது என் எண்ணம், இன்றும் அதே எண்ணம்தான். அது மாலையில் கிளம்பும் விமானம் என்பதையும் பார்த்துத்தான் எடுத்தோம். பாப்பா வழக்கமாக எட்டு மணிக்குத் தூங்கிவிடுவாள்.

அப்புறம் தொட்டில். பேசினெட் என்று கேட்க வேண்டும். முன் வரிசையில், எதிரே சுவர் இருக்கும் இடத்தில் மட்டும்தான் அதை மாட்ட முடியும், அதனால் ஒரு விமானத்தில் சிலதுதான் இருக்கும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. எங்களுக்குச் சொன்னது 11 கிலோ, பாப்பா அப்போது ஆறரை கிலோ. டிக்கெட் எடுத்த அன்றே போன் செய்து தொட்டில், அம்மாவுக்கு எனக்குப் பக்கத்து இருக்கை, மூட்டு வலிக்காக வீல்சேர் மூன்றையும் கேட்டேன். இரண்டு பிஎன்ஆரையும் ஒன்றாகக் குறித்து வைக்கச் சொன்னேன். எல்லாம் ஆகிவிட்டது என்றார்கள். இருக்கை எண்ணை நோட்டில் எழுதி வைத்தேன். கிறிஸ்துமஸ் வாரம் சும்மா எடுத்துப் பார்த்தால் நான் 38-ஆம் வரிசை, அம்மா 44. விமானம் வேறு வகைக்கு மாறியிருக்கிறது, இருக்கைகள் கலைந்துவிட்டன, எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுபடி ஐம்பது நிமிடம் போனில் காத்திருந்து பழையபடி வாங்கினேன். அதற்குப் பிறகு கிளம்பும் நாள்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான்கு மாதத் தடுப்பூசியைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிட்டோம், காய்ச்சல் வந்தாலும் வீட்டிலேயே தீர்ந்துவிடட்டும் என்று. ஆறு மாதம் முடிந்த குழந்தை என்றால் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தட்டம்மை ஊசியை முன்கூட்டியே போடுவார்களாம், பாப்பாவுக்கு அந்த வயது ஆகவில்லை. தூங்க வைக்க ஏதாவது சொட்டு மருந்து கொடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றார். காது அடைப்புக்கு மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் போதும், விழுங்க விழுங்க அடைப்பு விடும் என்றார். அம்மா காதில் வைக்கப் பஞ்சு எடுத்து வைத்திருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் பேசாமல் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

கணவர் வரவில்லை என்பதால், குழந்தையை நான் அழைத்துப்போக அவருக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி, வங்கியில் நோட்டரி கையெழுத்து வாங்கினோம். வழியில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது இல்லாமல் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது. கட்டாயம் எடுத்துப்போங்கள்.

கைப்பையில் இருபத்தைந்து டயப்பர், பாப்பாவுக்கு ஐந்து உடுப்பு, எனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு மாற்றுடை. தாய்ப்பால் போக, திறந்ததும் கொடுக்கக்கூடிய ஃபார்முலா பாட்டில் எட்டு. 100 மில்லி கட்டுப்பாடு குழந்தைப் பாலுக்குக் கிடையாது. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் நாமே முன்கூட்டிச் சொல்லித் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஸ்ட்ரோலரை விமான வாசலில் கொடுத்தோம். அது சென்னையில்தான் திரும்பக் கிடைக்கும் என்று அங்கேதான் சொன்னார்கள். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர் இருந்ததால் பிழைத்தேன்.

விமானத்தில் எனக்குத் தெரியாதிருந்த ஒன்று, விமானம் ஆட ஆரம்பித்து பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் குழந்தையையும் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்தாக வேண்டும். முதல் ஆறு மணி நேரத்தில் மூன்று தடவை எடுத்தோம். மூன்றாம் தடவை பாப்பா வீறிட்டு அழுதாள். கணினியை மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். அம்மா கேரியரைத் தன் மேல் கட்டிக்கொண்டு, பின்பக்கம் சமையல் பகுதியில் நின்றபடி மெல்லிய குரலில் தாலாட்டுப் பாடினார். எனக்குப் பாடிய அதே தாலாட்டு. விமானத்தின் இரைச்சலோடு சேர்ந்து அதைக் கேட்டபடி நான் இரண்டு மணி நேரம் தூங்கினேன். மூட்டு வலியோடு அவர் நின்ற நேரம் அது. எழுந்து பார்த்தபோது அம்மா நின்றுகொண்டேதான் இருந்தார், பாப்பா அவர் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன் வரிசையில் காலுக்கு முன்னால் பை வைக்கக்கூடாது, ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாம் மேலே போய்விடும். அதனால் ஒரு டயப்பர், ஒரு பாட்டில், துடைக்கும் துணி மூன்றையும் சின்னத் துணிப்பையில் போட்டு இருக்கைப் பையில் செருகி வைத்திருந்தேன். அதுதான் பயணம் முழுக்க அதிகம் உதவிய பொருள். கழிவறையில் சுவரிலிருந்து இறக்கும் மடக்குப் பலகை இருக்கிறது, டயப்பர் மாற்ற அது போதும்.

மாறும் இடத்தில் வீல்சேர் தள்ளி வந்தவர் அம்மாவோடு எங்களையும் சேர்த்தே சோதனை வரிசையில் முன்னால் அழைத்துப் போனார். இரண்டாவது விமானம் சொல்லும்படி ஒன்றுமில்லை, மூவரும் தூங்கினோம். சென்னையில் இறங்கியபோது அதிகாலை மூன்று மணி. எனக்கும் அம்மாவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட், பாப்பாவுக்கு இ-விசா. மூவரும் ஒன்றாகவே இ-விசா கவுன்டருக்குப் போனோம். அச்சடித்த தாளைக் கேட்டார்கள், போனில் காட்டுவதற்குப் பதிலாகத் தாள் இருந்தது நல்லதாயிற்று. குழந்தையின் முகத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டச் சொன்னார் அதிகாரி. முத்திரை குத்திவிட்டு, "ஊர் எதும்மா?" என்று கேட்டார். "தஞ்சாவூர்" என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னார்.

டாலஸுக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், பகலும் இரவும் அப்படியே தலைகீழ். பாப்பா நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து நான்கு மணிவரை விளையாடினாள். அந்த நேரமெல்லாம் அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். வழிக்கு வரப் பத்து நாள் ஆனது. பொங்கலன்று காலை பானை பொங்கியபோது அவளுக்கு டாலஸில் இரவு எட்டரை மணி. குலவை ஒலி, சங்குச் சத்தம் எதுவும் காதில் விழாமல் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் டிக்கெட் ஏப்ரலில். தொட்டிலுக்குச் சொல்லியாகிவிட்டது, இருக்கை எண் நோட்டில் இருக்கிறது. பாப்பா இப்போது ஏழு கிலோ.