பிரசவத்துக்குப் பிறகான இடுப்பு வலி: பிசியோதெரபியில் எனக்கு என்ன செய்தார்கள்

குழந்தை பிறந்த சில வாரங்களில் எனக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. புரண்டு படுக்க முடியாது, குனிந்தால் நிமிர்வதற்குள் உயிர் போய் வரும். சிசேரியன் என்பதால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான். இனி ஆயுசுக்கும் இருக்கும்." வலியைவிட அந்த 'ஆயுசுக்கும்'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பிசியோதெரபிஸ்டிடம் முதலில் கேட்டதும் அதைத்தான். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், ஆனால் நீண்ட நாள் இடுப்பு வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன என்றார். ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறதாம். கர்ப்ப காலத்தில் இடுப்பெலும்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்கின்றன. வயிற்றுத் தசைகள் மாதக்கணக்கில் இழுபட்டுப் பலம் இழக்கின்றன. அதற்கு மேல் கூன் போட்டுப் பாலூட்டுவது, குனிந்து குனிந்து தூக்குவது. எல்லாப் பாரமும் முதுகுத் தசைமேல் விழுகிறது.

அப்புறம் சில கேள்விகள். கால் மரத்துப்போகிறதா, பலம் குறைகிறதா? தொடை இடுக்கில் உணர்வு குறைந்திருக்கிறதா? சிறுநீர், மலம் கழிப்பதில் புதிதாகச் சிக்கல் உண்டா? காய்ச்சல் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடற்பயிற்சிக்கு முன் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு எதுவும் இல்லை.

பரிசோதனையில் ஒன்றை மறக்கவே முடியாது. மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடியே தூக்கச் சொன்னார். இடது கால் பாறாங்கல்லாகக் கனத்தது. பிறகு இடுப்பின் இரண்டு பக்கமும் தன் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கச் சொன்னார். அதே கால் சட்டென்று எழும்பியது. "இப்ப என் கை குடுக்கிற பிடிமானத்தை உங்க தசையே குடுக்கணும். அவ்வளவுதான் சிகிச்சை" என்றார். எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். தொப்புளைச் சுற்றி விரல் வைத்துப் பார்த்ததில் வயிற்றுத் தசைகளுக்கு நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தது.

சூட்டு ஒத்தடத்துக்கு ஹாட் பேக், தோல்மேல் ஒட்டி லேசான மின்துடிப்பு கொடுக்கும் டென்ஸ் கருவி எல்லாம் வைத்தார்கள். சுகமாக இருக்கும், சாயங்காலத்துக்குள் வலி திரும்பிவிடும். உண்மையான வேலை மூச்சில் தொடங்கியது. மூச்சை இழுக்கும்போது விலா விரிய வேண்டும். விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசைகளை மேலே இழுத்து, அடிவயிற்றை மெதுவாக உள்ளே கொண்டுபோக வேண்டும். மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே விரலை வைத்தால் தசை இறுகுவது தெரியும். அது பழகியதும் இடுப்பைச் சாய்ப்பது, குதிகாலைத் தரையில் நகர்த்துவது, பிருஷ்டத்தைத் தூக்கும் பிரிட்ஜ், பிறகு தவழும் நிலையில் எதிரெதிர் கை காலை நீட்டுவது என்று போனது. எதைச் செய்யும்போதும் வயிறு நடுவில் கூம்பாகத் துருத்தினால் நிறுத்திவிட வேண்டும். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழும் பயிற்சிக்கு அப்போது முழுத் தடை.

என்னைக் கேட்டால், வீட்டில் மாற்றிக்கொண்ட பழக்கங்களுக்குத்தான் பாதிப் பெருமையும் சேரும். ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுவது. பாலூட்டும்போது குழந்தையைத் தலையணையால் மார்பு உயரத்துக்குக் கொண்டுவருவது. தூக்கும்போது முழங்காலை மடக்கி, குழந்தையை உடம்போடு ஒட்டி வைத்து, மூச்சை விட்டபடி எழுவது. இடுப்பில் கட்டிக்கொள்ள பெல்ட் கொடுத்தார்கள், நின்று வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும்.

முன்னேற்றம் நேர்கோட்டில் வரவில்லை. தூங்காத இரவுக்கு மறுநாள் வலி கூடும். அன்று மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வேன். பயிற்சி நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். "பிள்ளை பெத்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால் அதைப் பொறுத்துப் போகாதீர்கள், எனக்கு இன்றும் கோபம் வருகிற பேச்சு அது.

இப்போது வலி எப்போதாவதுதான். வயிற்றுத் தசைகளுக்கு நடுவே இருந்த அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. வயிறு துருத்தாமல் பாரத்தைத் தாங்கினால் போதும், முழுதாக மூட வேண்டும் என்றில்லை என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். குழந்தையின் எடை ஏறிக்கொண்டே போவதால், எடை தூக்கும் பயிற்சியை அடுத்துத் தொடங்கியிருக்கிறோம்.