மூன்றாவது முறை குரூப் 4: என் நோட்டின் முன்பக்கமும் கடைசிப் பக்கமும்

சான்றிதழ் பதிவேற்றம் செய்யச் சொல்லி எனக்கு அழைப்பு வந்துவிட்டது. 2022, 2024, 2025 என்று மூன்று முறை தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வை எழுதியிருக்கிறேன். 2024-ல் இருநூறு கேள்வியில் 157 சரி, அழைப்பு இல்லை. இந்த முறை 152 தான் சரி, அழைப்பு வந்தது. இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட் ஆஃப் எவ்வளவு வரும் என்று யோசித்தே வருடங்களைத் தொலைத்தவள் நான். ஐந்து கேள்வி அதிகம் எடுத்த வருடம் கிடைக்காதது, குறைத்து எடுத்த வருடம் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் அத்தனை நாள் உட்கார்ந்து நான் போட்ட கணக்கெல்லாம் எதற்கு?

எங்கள் வீடு தேவாலா பக்கம், கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவில். தாத்தா சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். எஸ்டேட் லைன் வீட்டில் இரண்டு அறை. சமையல் நடக்கிற அறையில்தான் என் படிப்பும். எந்தக் கோச்சிங் சென்டருக்கும் போனதில்லை, பள்ளிப் புத்தகங்கள்தான்.

முதல் தடவை 2022 ஜூலை 24-ல் எழுதினேன். முடிவு வந்தது 2023 மார்ச்சில். இடையில் இருந்த எட்டு மாதத்தில் நான் ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை. டெலிகிராமில் பதினோரு குழுக்களில் இருந்தேன். காலையில் எழுந்ததும் ‘எக்ஸ்பெக்டட் கட் ஆஃப்’ வீடியோ, ராத்திரி படுக்கும்போது ‘ரிசல்ட் எப்போ’ என்று கேள்வி. ஒருவர் 168 என்பார், இன்னொருவர் 155 என்பார். 168 என்று கேட்ட நாள் சாப்பாடு இறங்காது, 155 என்று கேட்ட நாள் கோயிலுக்குப் போவேன். அந்த எட்டு மாதத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் புத்தகத்தையும் இரண்டு முறை திருப்பியிருக்கலாம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

2024 ஜூன் 9 வேறு மாதிரி போனது. ஓரளவு நன்றாகத் தயாராகியிருந்தேன். தேர்வு அன்று காலையில்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். நாடுகாணி தாண்டுவதற்குள் சாலையில் யானை நிற்கிறது என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மையத்துக்குள் நுழையும்போது மணி 8.52. ஒன்பது மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படபடப்பு மூன்று மணி நேரமும் இறங்கவில்லை. கடைசியில் விடைத்தாளில் ஏ, பி, சி, டி, ஈ வட்டங்களில் ஒவ்வொன்றையும் எத்தனை கருமையாக்கினோம் என்று எண்ணி எழுதுகிற இடத்தில் தப்பாக எண்ணிவிட்டேன். பிறகு விடைத்தாள் நகலைத் தளத்தில் பார்த்தபோது தெரிந்தது: சி 47 என்று எழுதியிருக்கிறேன், எண்ணினால் 49. இரண்டு மதிப்பெண் போனது. அந்த இரண்டு இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது என் கையால் போனது, அதுதான் வலித்தது.

அந்த முடிவு வந்த வாரம் நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அம்மா வேலை முடிந்து வந்து, காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே கேட்டார்: “எத்தன பேரு எழுதுனாங்க?” பல லட்சம் பேர் என்றேன். “அவங்க எழுதுனத நீ திருத்தப் போறியா?” என்றார். அப்புறம், “ஒன் நிரையப் பாரு புள்ள. பக்கத்து நிரைக்காரி எத்தன கிலோ எடுத்தான்னு திரும்பித் திரும்பிப் பாத்தா ஒன் பை நெறயாது” என்றார்.

நிரை என்பது தேயிலைக் காட்டில் ஒவ்வொருவருக்கும் பிரித்துவிடுகிற வரிசை. மழை வரும், வராது. கொழுந்து விலை ஏறும், இறங்கும். எடை போடுகிற நேரம் வரை கைக்கு எட்டுகிற செடி மட்டும்தான் அவர்கள் கணக்கு. முப்பது வருடமாக அம்மா செய்வது அதுதான். நான் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறேன், எனக்குப் பயன்படும் என்று தோன்றியதே இல்லை.

மறுநாள் நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். என் தேர்ச்சிக்கு இந்த நோட்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

முன்பக்கத்திலிருந்து: இன்று நான் முடிக்கக்கூடிய மூன்று வேலைகள். மூன்றுதான், நான்காவது கிடையாது. ‘தமிழ் படிக்க வேண்டும்’ என்று எழுதக் கூடாது. ‘எட்டாம் வகுப்பு இயல் 3, இலக்கணம், முப்பது கேள்வி’ என்று எழுத வேண்டும். முடிந்தால் ஒரு டிக்.

கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி: கவலைகள். படிக்கும்போது எது மனதைக் குடைந்தாலும் அங்கே ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பிவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பது.

2025 மே மாத முதல் வாரத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து அப்படியே தருகிறேன்:

‘பணியிடம் 3,935 தான். போன தடவை 6,244.’
‘பெரியம்மா எல்லார் முன்னாடியும் இன்னும் படிக்கிறியா என்று கேட்டார்.’
‘விகிதக் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.’
‘அப்பாவுக்கு ராத்திரி இருமல்.’
‘தேர்வு அன்றும் யானை நின்றால்?’

சனிக்கிழமை ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன்: உனக்கு நான் செய்ய ஏதாவது வேலை இருக்கிறதா? இருந்தால் அது முன்பக்கத்துக்குப் போகும். இல்லாவிட்டால் அடித்துவிடுவேன். பணியிடம், பெரியம்மா இரண்டையும் அடித்தேன். விகிதக் கணக்குக்குத் தினமும் காலையில் பத்துக் கணக்கு. யானைக்கு, முதல் நாளே கூடலூரில் சித்தி வீட்டில் தங்க அவரிடம் சொல்லிவைப்பது. அப்பாவின் இருமலைத்தான் பல மாதமாகக் கவலையாகவே வைத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமை முன்பக்கத்தில் ஒரே வேலைதான்: ‘அப்பாவைக் கூடலூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது.’ எக்ஸ்ரே எடுத்தார்கள். பயந்த மாதிரி எதுவும் இல்லை, மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் படிப்பு போனது. அந்த ஒரு நாளுக்குப் பிறகுதான் ராத்திரி இருமல் சத்தம் கேட்டாலும் என்னால் படிக்க முடிந்தது. ‘கவலையை விடு’ என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சில கவலைகள் விடுவதற்கானவை அல்ல, உடனே எழுந்து செய்வதற்கானவை.

அடித்தவுடன் போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். பணியிட எண்ணிக்கை மறு வாரமும் கடைசிப் பக்கத்தில் வந்தது, அதற்கு மறு வாரமும் வந்தது. நான்கு வாரம் ஒரே வரியை எழுதி ஒரே வரியை அடித்தேன். ஐந்தாவது வாரம் எழுதக் கை சலித்துவிட்டது. போன தடவை 6,244 என்று அறிவித்த இடங்கள் கடைசியில் 9,491 வரை போயின. அறிவிப்பு வந்த நாளில் நான் பட்ட கவலைக்கு அதில் என்ன பங்கு இருந்தது?

மே கடைசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நீலகிரிக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். மரம் விழுந்து எங்கள் பக்கம் மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. 2022-ல் இருந்த நானாக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இந்த முறை மெழுகுவர்த்தியை டம்ளருக்குள் நிறுத்தி, அம்மா கொழுந்துக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவை ஜன்னலில் தொங்கவிட்டு, அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்புத் தமிழை முழுவதும் முடித்தேன். அந்த மூன்று நாள்போல வேறு எப்போதும் படித்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியே வாருங்கள். கூட்டாகப் படிப்பது சிலருக்கு ஒத்துவரும் என்பார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

படிப்பு பற்றி, சுருக்கமாக:

- புதிய பாடத்திட்டத்தில் தமிழ் 100 கேள்வியில் இலக்கணம் மட்டும் 25. மனப்பாடத்தைக் குறைத்து இதில் உட்காருங்கள்.
- தமிழில் 150-க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே ஹாலில் முதலில் தமிழ்.
- கணக்கு 25-ஐ விட்டுவிடாதீர்கள். நான் கணக்குக்குப் பயந்தவள், தினம் பத்துக் கணக்கில் 21 சரியாக வந்தது.
- தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ‘விடை தெரியவில்லை’ என்ற ஈ-யை நான் ஒரு கேள்விக்குக்கூடத் தொடவில்லை.
- மாதிரித் தேர்வில் வந்த மதிப்பெண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், யாருடையதையும் கேட்காதீர்கள்.
- மையம் தூரமாக இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள். மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

எண்ணுகிற விஷயத்துக்கு வருகிறேன். 12.30-க்குத் தேர்வு முடிந்த பிறகு எண்ணி எழுதக் கிடைக்கிற அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருநூறையும் மொத்தமாக எண்ணாதீர்கள். ஐம்பது ஐம்பதாக எண்ணுங்கள். முதல் ஐம்பதில் ஏ எத்தனை, பி எத்தனை என்று ரஃப் பக்கத்தில் எழுதிக் கூட்டினால் 50 வர வேண்டும். வராவிட்டால் அந்த ஐம்பதை மட்டும் திரும்ப எண்ணினால் போதும். நான்கும் சரியான பிறகே விடைத்தாளில் எழுத வேண்டும். வீட்டிலேயே வாரம் ஒரு முறை இதைப் பழகினேன். ஜூலை 12, தேர்வு அன்று ஏழு நிமிடத்தில் முடிந்தது. மீதி எட்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய தமிழ்ப் பகுதி எவ்வளவு கடினம் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். முதல் இருபது கேள்வியில் ஏழு எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் போச்சு என்று மனசு சொன்னது. ஹாலில் நோட்டு இல்லை, மனதுக்குள் கடைசிப் பக்கத்தைத் திறந்து அங்கே போட்டுவிட்டு, இருபத்தொன்றாம் கேள்வியை வாசித்தேன். பெரிய தைரியசாலி என்பதால் இல்லை. எட்டு மாதம் தினமும் செய்த பழக்கம் தானாக வந்தது.

வெளியே வந்ததும் வாசலில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சில நாளில் மறுதேர்வு வேண்டும் என்ற குரல்களும் எழுந்தன. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன், எனக்கும் அன்று அழுகை வந்தது. ஆனால் தேர்வாணையம் என்ன முடிவெடுக்கும் என்பதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. தேர்வாணையத்தின் உத்தேச விடைக்குறிப்பு வரும்வரை வேறு எந்த விடைக்குறிப்பையும் திறக்கவில்லை. ஜூலை 15-ல் குரூப் 2 அறிவிப்பு வந்தது. அன்று முன்பக்கத்தில் எழுதிய முதல் வேலை அதற்கு விண்ணப்பிப்பது. 2022-ல் எட்டு மாதத்தைத் தொலைத்தவள், இந்த முறை மூன்றாம் நாள் மறுபடியும் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபரில் முடிவு வந்தபோது அம்மா காட்டில் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். கையில் இருந்த கொழுந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தடவினார்.

வேலை இன்னும் கைக்கு வரவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு இருக்கிறது, கலந்தாய்வு இருக்கிறது. இப்போது படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: தமிழ்வழிக் கல்விக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று வேண்டும். இதை இப்போதே வாங்கி வையுங்கள். என்னுடையதில் தொடக்கப் பள்ளிச் சான்றில் அப்பா பெயரின் முதலெழுத்து தவறாக இருக்கிறது. நேற்று ராத்திரி அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். இன்று சனிக்கிழமை இல்லைதான், ஆனாலும் எடுத்து முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். நாளை காலை முதல் பஸ், பள்ளி திறப்பதற்குள் வாசலில் இருக்க வேண்டும்.