‘இர்’ விழுந்த கதை

மும்பையில் சயான் ஸ்டேஷனில் இறங்கி தாராவிப் பக்கமாக நடந்தால் வரும் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். பிள்ளைகளின் கணக்கு நோட்டுக்கு அடுத்தபடி நான் அதிகம் மல்லுக்கட்டியது டெர்ம் லெட்டரோடுதான். இங்கே பள்ளி ஜூன் நடுவில் திறக்கும். தீபாவளி வரை முதல் டெர்ம், அப்புறம் ஏப்ரல் வரை இரண்டாவது. ஒவ்வொரு டெர்ம் முடிந்ததும் ரிப்போர்ட் கார்டோடு ஒரு கடிதம் வீட்டுக்குப் போகும். எந்தப் போட்டியில் யார் ஜெயித்தார்கள், பள்ளி மறுபடி என்றைக்குத் திறக்கிறது, ஃபீஸ் பாக்கி எவ்வளவு, இவ்வளவுதான் விஷயம். "உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கு" என்று சொல்லி ஹெட்மிஸ்ட்ரஸ் அதை என் தலையில் கட்டிவிட்டார்.

முதல் சில வருடம் நான் செய்தது, போன வருடக் கடிதத்தை எடுத்துத் தேதியை மாற்றியது மட்டும்தான். ஒரு வருடம் அதையும் மறந்துவிட்டேன். பழைய தேதியோடேயே கடிதம் எல்லா வீட்டுக்கும் போனது. ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. வகுப்பில் சொன்ன நாளில் பிள்ளைகள் சரியாக வந்து சேர்ந்தார்கள். அப்போது, தப்பு வெளியே தெரியவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அது நிம்மதிப்பட வேண்டிய விஷயமில்லை என்று புரிய பெற்றோர் வந்து டீச்சரைப் பார்க்கிற அடுத்த ஓப்பன் ஹவுஸ் வரை ஆனது.

அன்றைக்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு அவன் அம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் இட்லி அவித்துக் கொடுக்கிற தொழில். விடியுமுன் பாத்திரம் சைக்கிளில் ஏறிவிடும். அந்த அம்மா சிரித்த முகமாக, "எம்மவன் தெனமும் ஒழுங்கா வாரான்னு எழுதிருக்கியளாமே டீச்சர், ரொம்ப சந்தோசம்" என்றார். நான் ரிப்போர்ட் கார்டைப் பார்த்தேன். ரிமார்க் கட்டத்தில் என் கையெழுத்தில் ‘இர்ரெகுலர்’ என்று இருந்தது. பையன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். படித்துக் காட்டும்போது முன்னால் இருந்த ‘இர்’ரை மட்டும் விழுங்கியிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனபிறகு அவனைத் தனியாக நிறுத்திக் கேட்டேன். காலையில் மாமாவோடு மாஹிம் வரை சட்னி, சாம்பார் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சேரும்போது கேட் பூட்டியிருக்குமாம். லேட்டாக வருகிறவர்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் பள்ளி ரூல் அது. வீட்டுக்குப் போனால் திட்டு விழும் என்று மதியம் வரை எங்கேயாவது சுற்றியிருக்கிறான். பிள்ளையை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது நாங்கள், இர்ரெகுலர் என்று எழுதியதும் நாங்கள். கேட் விஷயத்தை ஸ்டாஃப் மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தேன். பத்து நிமிடம் சலுகை கிடைத்தது. அதற்கு மேல் நகரவில்லை.

அந்த வருடம் தீபாவளிக் கடிதத்தைத் தமிழிலும் ஒரு பக்கம் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைப்பு. பிள்ளைகளுக்கோ பேச வருகிற தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. நிறைய அம்மாக்களுக்கும் அதே கதை. ஊரில் எட்டாவது வரை படித்த அப்பாக்கள் சிலர்தான் படித்தார்கள். அப்புறம் மராத்தி, ஹிந்தி, உருது பேசும் வீடுகளிலிருந்து "எங்களுக்கு எங்கே?" என்று கேள்வி வந்தது, நியாயம்தானே. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொன்று எழுதினார்கள். ஜெராக்ஸ் பில்லைப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் முணுமுணுத்தார். ஆனால் நான்கு மொழியில் எழுத வேண்டும் என்றதும் ‘பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ பத்தி தானாகவே கடிதத்திலிருந்து போய்விட்டது. யாருக்கும் அதை மொழிபெயர்க்கப் பொறுமை இல்லை.

பெற்றோர் உண்மையிலேயே எடுத்துக்கொண்டு ஓடிவந்த கடிதம் என்றால் அது பெயர் பற்றியதுதான். மகாராஷ்டிராவில் எஸ்.எஸ்.சி. என்கிற பத்தாம் வகுப்புப் பரீட்சை ஃபார்மில் முதலில் சர்நேம், அப்புறம் பெயர், அப்புறம் அப்பா பெயர். அம்மா பெயரும் தனியாகக் கேட்பார்கள். நம் ஆட்களுக்கு ஏது சர்நேம்? ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது கிளார்க் கேட்டிருப்பார், அப்பா விழித்திருப்பார். உடனே ஊர் பெயரோ தாத்தா பெயரோ சாதியோ, எது வாயில் வந்ததோ அது ஜெனரல் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அதே குடும்பத்துப் பிள்ளைக்கு, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக மும்பையில் அது திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இது கடைசி வரை உறுத்தலாகவே இருந்தது. அண்ணனுக்குச் சாதிப் பெயரும் தம்பிக்குத் தாத்தா பெயருமாக, ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு சர்நேம் இருந்த வீடும் உண்டு.

2005 ஜூலை 26 மழை நினைவிருக்கும்; சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் தண்ணீர் புகுந்து ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கூழாகிவிட்டது. அதற்குப் பிறகு பல பேருக்குப் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் பள்ளி ரிஜிஸ்டர்தான் கையில் மிஞ்சிய சாட்சி. அதனால் ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் டெர்ம் கடிதத்தில் வேறு எதுவும் எழுதாமல், ரிஜிஸ்டரில் இருக்கிற பெயரைப் பெரிதாக எழுதி, "சர்டிபிகேட்டில் இப்படித்தான் வரும். தப்பிருந்தால் உடனே வாருங்கள். எல்.சி. (ஊரில் டி.சி. என்பது) வாங்கின பிறகு மாற்றுவது பெரும்பாடு" என்று நான்கு வரி சேர்த்தேன். மறுநாள் ஆபீஸ் வாசலில் நிற்க இடமில்லை. தன் பெயரை முதல்முறையாகப் பள்ளிக் காகிதத்தில் பார்த்த ஒரு அம்மா, "என் பேரையும் போடுவியளா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

2020இல் எல்லாம் ஃபோனுக்குள் போனது. மார்ச் 23ஆம் தேதி நடக்கவேண்டிய எஸ்.எஸ்.சி. பூகோளப் பரீட்சையைத் தள்ளிவைத்து, பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். மற்றப் பாடங்களின் சராசரியைப் பார்த்து மார்க் தரப்போகிறார்கள் என்பதை வீட்டுக்கு வீடு சொல்லவேண்டியிருந்தது. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். கடிதம் எழுதி என்ன செய்ய? வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பினேன், தமிழில் இரண்டு நிமிடம். அதைப் பிள்ளை படித்துக் காட்டத் தேவையில்லை. ஒரு எழுத்தைக்கூட விழுங்க முடியாது. பதிலுக்கு ஆலங்குளத்திலிருந்து ஒரு பாட்டி, "பரீச்சை எழுதாமலே பாஸா? நல்ல காலம்தான்" என்று குரல் அனுப்பினார். பின்னணியில் சேவல் கூவியது.

2021 அக்டோபர் 4ஆம் தேதி எட்டு முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திரும்பத் திறந்தன. அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். இப்போது பள்ளியில் ஆப் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். மார்க், வருகைப் பதிவு, டெர்ம் லெட்டர் எல்லாம் அப்பாவின் ஃபோனுக்கே நேராகப் போகிறதாம். போன மாதம் மார்க்கெட்டில் பார்த்த ஒரு அப்பாவிடம், "பார்க்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க டீச்சர்! பாஸ்வேர்டு பையன்கிட்டல்லா இருக்கு" என்றார்.