நெல்லிக்காய் நுரை மாத்திரையும் ஐப்பசி மழையும்

எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுகலை) இரண்டாம் ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட வேலை, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் நெல்லிக்காய் மாத்திரை. சிட்ரிக் அமிலம், சமையல் சோடா, நெல்லிப்பொடி மூன்றையும் கலந்து அழுத்தினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கணக்கும் நேரானது, ஒரு மாத்திரையில் 1 கிராம் அமிலத்துக்கு 1.3 கிராம் சோடா.

ஆனால் அதைச் சென்னையில் ஐப்பசி மழையில் செய்தேன். ஸ்ட்ரிப்பில் அடைத்து வைத்ததை மூன்றாம் நாள் பார்த்தால் ஒவ்வொன்றும் பூரி மாதிரி உப்பி நிற்கிறது. ஒன்றைக் கிழித்ததும் புஸ்ஸென்று காற்று போனது, உள்ளே மாத்திரை ஓரமெல்லாம் பழுப்பேறி விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த ஒரு மாத்திரை முழுக்கப் பொங்கினால் ஏறக்குறைய 380 மில்லி கரியமில வாயு வரும், அந்தச் சின்னப் பை எப்படித் தாங்கும்?

இதில் கொடுமை என்னவென்றால், அமிலமும் சோடாவும் சேரும்போது வாயுவோடு தண்ணீரும் உண்டாகிறது. அந்தத் துளி ஈரம் பக்கத்துத் துகளை நனைக்கும், அது இன்னும் கொஞ்சம் ஈரத்தை விடும், இப்படியே போய்க்கொண்டிருக்கும். நெல்லிப்பொடி வேறு காற்றின் ஈரத்தைத் தானாகவே இழுக்கும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் கட்டி தட்டிவிடும்.

அப்புறம் எல்லாவற்றையும் மாற்றினேன். அறையின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் டப்பாவைத் திறப்பது. அமிலத்தையும் சோடாவையும் தண்ணீர் படாமல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்த பி.வி.பி. என்ற ஒட்டுப்பொருளால் தனித்தனியே குருணையாக்கி, நன்றாக உலர்ந்த பிறகு கடைசியில் கலப்பது. அச்சில் ஒட்டாமலிருக்க வழக்கமாகப் போடும் மெக்னீசியம் ஸ்டியரேட் இதற்கு ஆகாது, கரையாமல் பாலாடை மாதிரி மேலே மிதக்கும், அதனால் தண்ணீரில் கரையும் மெழுகு போன்ற பி.இ.ஜி. 6000. ஸ்ட்ரிப்பை விட்டுவிட்டு, மூடிக்குள் சிலிக்கா ஜெல் வைத்த அலுமினியக் குழாய். மாத்திரை நுரைத்துக் கரைய மருந்து நூல்களின் அளவுகோல் 200 மில்லி தண்ணீரில் 5 நிமிடம், எனக்கு 2 நிமிடத்திலேயே அடங்கியது.

ஆனால் நுரை வந்துவிட்டால் வேலை முடிந்ததாக நான் நினைக்கவில்லை. ஆன்டிஆக்சிடன்ட் என்று அட்டையில் அச்சிட வேண்டுமானால் அது கடைசி மாத்திரை வரை உள்ளே இருக்க வேண்டும், ஏனென்றால் ஈரம் வைட்டமின் சி-யையும் விட்டுவைப்பதில்லை. ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றலைச் சோதிக்கும் டி.பி.பி.ஹெச். கரைசலின் கத்தரிப்பூ நிறம் வெளுத்து மஞ்சளாவதைச் செய்த அன்றைக்கு மட்டும் பார்த்தால் போதாது. 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் குழாயோடு மாதக்கணக்கில் வைத்து எடுத்தும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1.3 கிராம் சோடாவில் சுமார் 350 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூலிகைதானே என்று இரண்டு மூன்று மாத்திரை போட்டுக் குடிப்பவர்களுக்கு இதை யார் சொல்வது? அட்டையில் பெரிய எழுத்தில் போட வேண்டும். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், நான் செய்த மாத்திரையை அவருக்குக் கொடுக்கவில்லை, சந்தையில் நெல்லிக்காய்தான் வாங்கிக் கொடுத்தேன்.